ஏகபோகமும் சமுதாயமும்: கம்பி யாருக்குச் சொந்தம்?

(பெங்களூரில் தமிழ்பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அல்சூர், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா என நம் மக்கள் நெருங்கி வாழும் எந்தப் பகுதியின் சந்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தாலும் கறுப்புக் கம்பிகள் தென்படும். மின்கம்பத்திலிருந்து மரக்கிளைக்கும், மரக்கிளையிலிருந்து மாடிச் சுவருக்கும் அவை ஓடுகின்றன. நகரின் அழகைக் கெடுக்கும் குப்பை என்று நாளேடுகள் அவற்றைக் கண்டித்து எழுதுகின்றன. மின்வாரியமும் மாநகராட்சியும் அவ்வப்போது வந்து வெட்டி எறிகின்றன. இன்று அந்தக் கம்பியை ஓர் உற்பத்திச் சாதனமாகப் பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிப் பார்க்கத் தொடங்கியதும், எந்த உற்பத்திச் சாதனத்தைப் பற்றியும் நாம் கேட்கும் கேள்வி இங்கும் எழுகிறது: இது யாருடைய உடைமை? இதில் உழைப்பவர் யார்? பலன் யாருக்குப் போகிறது?

இரண்டு சொற்களிலிருந்து தொடங்குகிறேன். கட்சி ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணியில் நான் மிக அதிகமாக எழுதிய சொற்களுள் ஒன்று ‘ஏகபோகம்’. இது நம் இயக்கம் புதிதாகப் படைத்த சொல் அன்று. தஞ்சைப் பகுதியின் காணியாட்சி முறையில் கிராமம் முழுவதும் ஒரே மிராசுதாரரிடம் இருந்தால் அதற்கு ஏகபோகக் கிராமம் என்று பெயர். பல பங்காளிகள் பொதுவில் வைத்துக்கொண்டு, விளைச்சலையோ நிலத்தையோ பங்கு முறையில் பகிர்ந்துகொண்ட கிராமத்துக்குச் சமுதாயக் கிராமம் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினி அதிகாரிகள் தொகுத்த வருவாய்க் குறிப்புகளிலும் இவ்விரு சொற்களும் உண்டு. ஆக, இன்று நாம் அரசியல் பொருளாதாரத்தில் வழங்கும் ஏகபோகம், சமுதாயம் ஆகிய இரண்டு சொற்களும் நிலத்தில் விளைந்தவை. கம்பியைப் பற்றிப் பேச இவை நமக்கு உதவும். இவற்றுள் ஒன்றில் மறைந்து நிற்கும் ஓர் அநீதியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கம்பி வந்த கதை

1991 இல் வளைகுடாப் போர்ச் செய்திகளோடு செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்தியாவுக்குள் நுழைந்தது. அரசும் கம்பி இழுக்கவில்லை, பெருமுதலாளிகளும் இழுக்கவில்லை. மாடியில் ஒரு குடைத்தட்டை நிறுத்தி, அக்கம்பக்கத்து நூறு இருநூறு வீடுகளுக்குக் கம்பி இழுத்தவர்கள் வேலையற்ற இளைஞர்களும், வானொலிப் பழுது பார்ப்பவர்களும், ஒளிநாடா வாடகைக் கடைக்காரர்களும்தான். 1995 இல் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது அவர்கள் தலைமை அஞ்சலகத்துக்குச் சென்று பதிவு செய்துகொண்டார்கள். நாட்டின் மிகப்பெரிய தகவல் வலைப்பின்னல்களுள் ஒன்று அஞ்சலகப் பதிவுச் சீட்டோடு வளர்ந்தது என்பதை இன்றைய தலைமுறைத் தோழர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அதே 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுத்துறை நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியது. 1998 இல் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. 2002 இல் அந்தப் பொதுத்துறை நிறுவனமே டாட்டா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் இணைய நிறுவனங்களிடம் உரிமம் இருந்தது. வீட்டு வாசல் வரை செல்லும் பாதை இல்லை. அந்தப் பாதை கேபிள்காரரிடம் இருந்தது.

தொலைக்காட்சிக்கு ஒரு திசையில் படம் வந்தால் போதும். இணையத்துக்குப் போக்கும் வரத்தும் வேண்டும். ஆகவே பழைய கம்பியின் இடையில் பொருத்திய கருவிகளை மாற்ற வேண்டியிருந்தது. பின்னர் கம்பியையே விடுத்து ஃபைபர் என்னும் கண்ணாடியிழை வடத்துக்கு மாற வேண்டியிருந்தது. இதற்கு மூலதனம் தேவைப்பட்டது. மூலதனத் தேவை எழும் இடத்தில்தான் சிறு உடைமையாளர் தடுமாறுகிறார். 2013 மார்ச் இறுதியோடு பெங்களூரு, மைசூரு, கோவை உள்ளிட்ட நகரங்களில் கேபிள் தொலைக்காட்சி கட்டாயமாக எண்மயமாக்கப்பட்டது. அதுவரை இணைப்புகளின் கணக்கு தெருக்காரரின் குறிப்பேட்டில் இருந்தது. அதன்பின் அது பெரிய விநியோக நிறுவனத்தின் கணினிக்குப் போய்விட்டது. கம்பி அவருடையதாகவே இருந்தாலும் வாடிக்கையாளர் அவருடையவர் இல்லை என்றாகிவிட்டது.

சுயேச்சை நிறுவனங்களின் விரிவாக்கம்

இந்தக் கட்டத்தில் வளர்ந்தவைதான் சுயேச்சை இணைய நிறுவனங்கள் என்று நாம் அழைப்பவை. அலைபேசிச் சேவை நடத்தாமல் வீட்டுக்குக் கம்பிவழி இணையம் தருவதையே தொழிலாகக் கொண்டவை அவை. நம் ஊரிலேயே பிறந்த உதாரணம் ஏசிடி. ஆட்ரியா கன்வர்ஜென்ஸ் டெக்னாலஜீஸ் என்ற பெயரில் 2000 இல் பெங்களூரில் தொடங்கியது. உள்ளூர்க் கேபிள் வலைப்பின்னல்களை வாங்கியும் இணைத்தும் வளர்ந்தது. பிறகு ஐதராபாத், சென்னை, கோவை, டெல்லி எனப் புதிய பகுதிகளுக்குப் பரவியது.

ஆயினும் ‘சுயேச்சை’ என்ற சொல்லில் நாம் மயங்கிவிடக் கூடாது. அந்த வளர்ச்சிக்குப் பணம் தந்தவை தனியார் பங்கு முதலீட்டு நிதியங்கள். அவை வாங்கும், வளர்க்கும், நல்ல விலை வந்ததும் விற்றுவிட்டு வெளியேறும். அலைபேசி நிறுவனங்களிடமிருந்து சுயேச்சையாக இருப்பதால் ஒரு நிறுவனம் நிதி மூலதனத்திடமிருந்தும் சுயேச்சையாக இருப்பதாகிவிடாது.

இதற்குக் கீழ்த்தட்டில் மெய்யாகவே சிறியவர்கள் இருக்கிறார்கள். நாடு முழுமைக்கும் ‘ஏ’, ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு ‘பி’, ஏறத்தாழ ஒரு மாவட்டம் அளவிலான பகுதிக்கு ‘சி’ என இணைய உரிமங்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. ‘சி’ வகை உரிமத்தோடு ஓசூரிலோ கோலார் தங்கவயலிலோ சில ஆயிரம் வீடுகளுக்குச் சேவை தருபவர் மொத்த இணையத் திறனை யாரிடம் வாங்குகிறார்? பெரும்பாலும் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம். அவற்றுட் சிலவே அவருடைய தெருவில் அவருக்குப் போட்டியாகக் கடை விரித்திருக்கின்றன. தன் வயலுக்கு மடை திறந்துவிடும்படி எதிரியிடமே கேட்க வேண்டிய நிலை இது.

ஏகபோகம் வந்த விதம்

2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ வணிகச் சேவையைத் தொடங்கியது. முதலில் இலவசம், பிறகு மிகக் குறைந்த கட்டணம். இரண்டே ஆண்டுகளில் அலைபேசித் துறையில் பல நிறுவனங்கள் மறைந்தன. தமிழ்நாட்டுத் தோழர்கள் ஏர்செல்லை மறந்திருக்க மாட்டார்கள். 2018 பிப்ரவரியில் அது திவால் மனுத் தாக்கல் செய்தபோது, பேச முடியாத அலைபேசியோடு மக்கள் எண் மாற்றுவதற்காக வரிசையில் நின்றார்கள்.

அதே 2018 அக்டோபரில் ஹாத்வே, டென் ஆகிய இரு கேபிள் நிறுவனங்களின் பெரும்பான்மைப் பங்குகளை 5,230 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ரிலையன்ஸ் அறிவித்தது. அந்நிறுவனமே அப்போது சொன்ன கணக்கின்படி, அவ்விரண்டோடும் இணைந்திருந்த உள்ளூர்க் கேபிள் இயக்குநர்கள் சுமார் 27 ஆயிரம் பேர். அந்தத் தெருக்கம்பிகளை அந்நிறுவனம் இழுக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் வெயிலிலும் மழையிலும் இழுத்த கம்பிகளின் தலைமாட்டை வாங்கியது. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் 699 ரூபாயில் தொடங்கியது. மறு ஆண்டு செப்டம்பரில் தொடக்கக் கட்டணம் 399 ரூபாயாக இறங்கியது.

மலிவாகக் கிடைத்தால் மக்களுக்கு நல்லதுதானே என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடையை அலைபேசிச் சந்தையிலேயே காணலாம். போட்டியாளர்கள் ஒழிந்து மூன்று தனியார் நிறுவனங்களே எஞ்சிய பிறகு, 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்றும் ஒருசேரக் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவின் உயர்வு மட்டும் 12 முதல் 25 சதவீதம். இலவசமாக வந்தது இலவசமாகவே நீடிப்பதில்லை. முதலாளித்துவப் போட்டி தன் வயிற்றிலேயே ஏகபோகத்தைச் சுமக்கிறது என்று 1916 இல் லெனின் ஏகாதிபத்தியம் குறித்த நூலில் நிறுவியதை, நம் கைபேசிக்கு வந்த கட்டண உயர்வுச் செய்தி மீண்டும் மெய்ப்பித்தது.

இன்று நாட்டில் 90 கோடிக்கும் மேற்பட்ட பிராட்பேண்ட் இணைப்புகளில் கம்பிவழி இணைப்புகள் 4 கோடி அளவிலேயே உள்ளன. அதாவது வீட்டுக் கம்பி இணையம் இனிமேல்தான் சிற்றூர்களுக்கும் உழைப்பாளி மக்களின் குடியிருப்புகளுக்கும் பரவ வேண்டும். அலைபேசித் துறையில் முடிந்துபோன நாடகம் கம்பித் துறையில் இன்னும் முடியவில்லை. நாம் தலையிடுவதற்கு இங்கே இடமிருக்கிறது.

கிராமத்தின் பெயரால்

ஒருங்கிணைந்த உரிமத்தின் கீழ் வருவாயில் 8 சதவீதம் உரிமக் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்பது விதி. அதில் 5 சதவீதம், கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பைக் கொண்டுசெல்வதற்கான அனைவருக்குமான சேவை நிதிக்குச் செல்கிறது. அந்த நிதிக்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதன் துணையில்தான், 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை இலக்காகக் கொண்ட பாரத்நெட் திட்டம் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்டது.

இந்தப் பணத்தில் மண்ணுக்கடியில் புதைக்கப்படும் வடம் பொதுச் சொத்து. ஆனால் அது ஊராட்சி அலுவலகம் வரை போய் நின்றுவிட்டால், அங்கிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் இலாபம் இருக்கிறது. அந்த ஒரு கிலோமீட்டர் யாருக்கு என்பதே இன்றைய போராட்டம். பிஎஸ்என்எல் வலுவாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஆனால் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறினார்கள். வடத்தை அறிந்த கைகள் போய்விட்டன. இன்று அதே பிஎஸ்என்எல் தன் ஃபைபர் இணைப்பை உள்ளூர்க் கேபிள் இயக்குநர்களோடு வருவாய்ப் பகிர்வு அடிப்படையில் வீடுகளுக்குக் கொண்டுசெல்கிறது. ஊழியர்களை வெளியேற்றியதைக் கண்டிக்கிறோம். பொதுத்துறையும் சிறு இயக்குநரும் கைகோக்கும் இந்த வடிவத்தை மட்டும் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

கேரளம் காட்டும் வழி

கேரளத்தில் சிறு கேபிள் இயக்குநர்கள் தனித்தனியே விலைபோகவில்லை. சங்கமாகத் திரண்டு, ஆயிரக்கணக்கானோர் பங்குதாரர்களாகச் சேர்ந்து, தங்களுக்கென ஒரு பொது நிறுவனத்தை உருவாக்கினார்கள். கேரளா விஷன் என்ற பெயரில் அது தொலைக்காட்சியும் இணையமும் தருகிறது. கம்பிவழி பிராட்பேண்டில் டிராய் வெளியிடும் முதல் ஐந்து நிறுவனங்களின் பட்டியலில் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், ஏசிடி ஆகியவற்றோடு அதுவும் இடம்பிடித்திருக்கிறது. ஒரு சிறு மாநிலத்தின் தெருக்காரர்கள் அகில இந்தியப் பட்டியலில் ஏறியது அமைப்பாகத் திரண்டதால்தான்.

அதற்கு அருகிலேயே அரசின் பொது வலைப்பின்னலும் உள்ளது. 2023 ஜூன் 5 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கி வைத்த கே-ஃபோன் திட்டத்தின் வடங்கள் மாநில மின்வாரியத்தின் கோபுரங்கள் வழியாகவும் கம்பங்கள் வழியாகவும் செல்கின்றன. கட்டுமானப் பணிக்குத் தலைமை தாங்கியது நம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. தொகுதிக்கு 100 குடும்பங்கள் வீதம் 14 ஆயிரம் குடும்பங்கள் என்பதே முதற்கட்டம். இலக்குக்கும் நடப்புக்கும் இடையே பெரிய தொலைவு இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதை ஒப்புக்கொண்டு விரைவுபடுத்தக் கோருவதே நம் கடமை. கே-ஃபோனும் வீட்டு இணைப்புக்கு உள்ளூர் இயக்குநர்களையே பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2007 இல் உருவாகி 2011 இல் 70 ரூபாய்க் கட்டணத்தோடு மறுபிறவி எடுத்தது அரசு கேபிள் தொலைக்காட்சி நிறுவனம். ஆனால் மாநில அரசுகள் கேபிள் விநியோகத்தில் ஈடுபடக் கூடாது என்று டிராய் பரிந்துரைத்தது. எண்மய உரிமம் 2017 இல்தான் கிடைத்தது. பெருமுதலாளி கேட்கும் உரிமத்துக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமா என்று கேட்பது தவறாகாது.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் தனியார் மின் நிறுவனங்கள் இலாபமில்லை என்று கைவிட்ட நாட்டுப்புறங்களுக்கு, 1936 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடனுதவியோடு விவசாயிகளின் கூட்டுறவுகள் மின்சாரம் கொண்டுசென்றன. அந்தக் கூட்டுறவுகளுள் பல இன்று ஃபைபர் இழுக்கின்றன. வட கரோலினாவில் வில்சன் என்ற சிறு நகரம் 2008 இல் தன் மக்களுக்குச் சொந்தமாக ஃபைபர் வலைப்பின்னல் அமைத்தது. 2011 இல் பெரிய கேபிள் நிறுவனங்களின் முயற்சியால் அம்மாநிலச் சட்டமன்றம் நகராட்சிகளின் இத்தகைய விரிவாக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. தடையற்ற சந்தையைப் போற்றும் நாட்டிலேயே, மக்களின் கூட்டு நிறுவனம் சந்தைக்குள் வந்தவுடன் சந்தைக்கு வேலி போட்டார்கள்.

சமுதாயத்துக்கு வெளியே நின்றவர்

இப்போது முன்னர் சொல்வதாகச் சொன்ன அநீதிக்கு வருகிறேன். தஞ்சையின் சமுதாயக் கிராமத்தில் நிலம் பொதுவில் இருந்தது என்றேன். யாருடைய பொது? மிராசுப் பங்காளிகளின் பொது. சேற்றில் இறங்கி உழுத பண்ணையாளுக்கு, அந்தச் ‘சமுதாய’த்தில் ஒரு பிடி மண்ணும் பங்கில்லை. சேரியில் வாழ்ந்த அவர் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றார். ஏகபோகம் போய்ச் சமுதாயம் வந்தாலும் அவர் நிலை மாறவில்லை.

நம் தெருவின் கேபிள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். லைன்மேன் என்று அழைக்கிறோம். தோளில் வடச்சுருளும் கையில் ஏணியுமாக இருசக்கர வாகனத்தில் வருபவர். மின்சாரம் ஓடும் கம்பத்தில் கையுறையும் தலைக்கவசமும் இல்லாமல் ஏறுபவர். தலைமுடி அளவே பருமனுள்ள கண்ணாடியிழையை நுட்பமாக ஒட்டத் தெரிந்தவர். ஆனால் அவருக்குத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்பதால் பெரும்பாலும் இஎஸ்ஐ இல்லை. நிறுவனமே வடத்தை மின்கம்பத்தில் கட்டச் சொல்கிறது. மின்வாரியம் வெட்டியதும் வாடிக்கையாளரின் ஏச்சைக் கேட்பவரும், அன்றிரவே மீண்டும் ஏறுபவரும் அவரே.

2020 இல் ஊரடங்கின்போது எங்கள் தெருப் பிள்ளைகள் அனைவரும் இணையவழியே பாடம் படித்தார்கள். ஒரு மழை இரவில் வடம் அறுந்தது. மறுநாள் தேர்வு. பக்கத்துத் தெருவில் குடியிருந்த தமிழ் இளைஞர் ஒருவர் விடியுமுன் வந்து சரிசெய்தார். அவருடைய தம்பியும் அதே தேர்வை எழுத வேண்டியவன். அவர்கள் வீட்டில் இணைப்பு இல்லை என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. ஊருக்கெல்லாம் இணையம் இழுத்தவர் வீட்டில் இணையம் இல்லை. தோழர்களே, இந்த ஒரு செய்தியை மறந்துவிட்டு நாம் ஏகபோக எதிர்ப்புப் பேசினால், அது சிறு முதலாளியின் வழக்கறிஞர் பேச்சாகவே முடியும்.

ஆகவே நம் நிலைபாடு இரு பக்கமும் கூர்மையாக இருக்க வேண்டும். ஏகபோக மூலதனத்துக்கு எதிரான போராட்டத்தில் சிறு கேபிள் இயக்குநர் நம் நேச சக்தி. அதே வேளையில் அவர் ஒரு முதலாளி. அவரிடம் உழைப்பவரே நம் சொந்த வர்க்கம். நேச சக்தியோடு தோள்சேர வேண்டும். சொந்த வர்க்கத்தை அமைப்பாக்க வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடலாகாது.

நம் முன்னுள்ள பணிகள்

முதலாவதாக, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் லைன்மேன்களைச் சந்தித்துக் கணக்கெடுக்க வேண்டும். எத்தனை பேர், என்ன கூலி, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவை நமக்குத் தெரிய வேண்டும். முறைசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்வதும், பாதுகாப்புக் கருவிகளையும் விபத்துக் காப்பீட்டையும் கோருவதும் அங்கிருந்து தொடங்கும்.

இரண்டாவதாக, மின்கம்பமும் சாலையோரக் குழாய்ப் பாதையும் பொதுச் சொத்துகள். அவற்றை முறைப்படுத்த வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. கீழே தொங்கும் கம்பியால் உயிர் போவதும் உழைப்பாளி மக்களுக்கே. ஆனால் முறைப்படுத்துதல் என்ற பெயரில் சிறியவரின் வடத்தை மட்டும் வெட்டி, பெரியவருக்குப் பாதையைக் காலி செய்து தருவதை எதிர்ப்போம். சிறியோர்க்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் பொதுக் குழாய்ப் பாதை அமைக்குமாறு மாநகர நிர்வாகத்திடம் கோருவோம்.

மூன்றாவதாக, கர்நாடகத்திலும் பொதுத்துறை வலைப்பின்னலோடு இணைந்த சிறு இயக்குநர் கூட்டுறவுகளுக்காகக் குரல் கொடுப்போம். அந்தக் கூட்டுறவில் லைன்மேனுக்குப் பங்கும் வாக்கும் இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைப்போம். பாரத்நெட்டின் வடம் ஊராட்சி வாசலில் நின்றுவிடாமல் பள்ளிக்கும் சேரிக்கும் போக வேண்டும் என்றும் கோருவோம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருக்காரரின் வாசலில் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் முறையிடலாம். பெருநிறுவனத்திடம் முறையிட எண்ணை அழுத்திவிட்டு இயந்திரக் குரலுக்குக் காத்திருக்க வேண்டும். இதைச் சிறியது என்று ஒதுக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் தன் பிள்ளையின் இணைப்பு அறுந்ததை யாரிடம் சொல்வாள் என்பதும் உடைமை பற்றிய கேள்வியே.

ஏகபோகம் என்ற சொல்லை நான் இன்னும் பல முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். சமுதாயம் என்ற சொல் தஞ்சை மிராசுதாரர்களிடமிருந்து விடுபட்டு மக்கள் அனைவரையும் குறிக்கும் சொல்லாக இன்று வளர்ந்திருக்கிறது. சொல்லில் நேர்ந்த அந்த மாற்றத்தைக் கம்பத்தின் மேலும் நிகழ்த்த வேண்டியவர்கள் நாம். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருக் கம்பத்தடியில் ஏணியோடு நிற்கும் அந்தத் தோழரிடம் பேச்சுக் கொடுப்பதிலிருந்து இதைத் தொடங்குங்கள்.